இறுதி நியாயத்தீர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்புகளிலும் துக்க வீடுகளிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. சிலர் சத்தமாகக் கேட்பார்கள், சிலர் எல்லோரும் கலைந்த பிறகு தனியாக வந்து கேட்பார்கள். சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உள்ள இடங்களில் அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

நியாயத்தீர்ப்பு என்று கிறிஸ்தவர்கள் எதைச் சொல்கிறார்கள்?

உலக வரலாற்றின் முடிவில் இயேசு கிறிஸ்து மறுபடியும் வருவார். உயிரோடிருப்பவர்களும் மரித்தவர்களும் அவர் முன்பாக நிற்பார்கள். ஒவ்வொருவருடைய வாழ்க்கையும் உள்ளது உள்ளபடி வெளிப்படும். அவர் நீதியாகத் தீர்ப்புச் சொல்வார். ஆராதனையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் "உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்" என்று வருவது இதைத்தான். கி.பி. 325-இல் நிசேயாவிலும் 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய சங்கங்களிலிருந்து வந்த பிரமாணத்திலும் இது இருக்கிறது. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் சபையார், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என எல்லாரும் இந்த அடிப்படையில் ஒன்றுபடுகிறார்கள். வேறுபாடெல்லாம் விவரங்களில்தான்.

கடவுள் அன்பானவர் என்கிறீர்கள். அன்பானவர் எதற்கு நியாயந்தீர்க்க வேண்டும்?

1 இராஜாக்கள் 21-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். யெஸ்ரெயேலில் நாபோத் என்பவருக்கு அரண்மனைக்குப் பக்கத்திலேயே ஒரு திராட்சத்தோட்டம் இருந்தது. ஆகாப் ராஜாவுக்கு அந்த நிலத்தில் கீரை போட ஆசை. முன்னோர் வழி வந்த சொத்து, கொடுக்க மாட்டேன் என்றார் நாபோத். ராணி யேசபேல் ராஜாவின் பெயரில் கடிதம் எழுதி, அவன் முத்திரையையே போட்டு ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்பினாள். உபவாசம் கூறப்பட்டது, சபை கூடியது, இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்ற குற்றத்துக்காக நாபோத் ஊருக்கு வெளியே கல்லெறிந்து கொல்லப்பட்டார். சட்டப்படி எல்லாமே சரியாக நடந்த மாதிரி இருந்தது. சாட்சிகள் இருவரும் பொய்ச்சாட்சிகள் என்பது ஒன்றுதான் குறை, ஊரில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. ஆகாப் தோட்டத்தைத் தன்வசமாக்கப் புறப்பட்டுப் போனான். எலியா தீர்க்கதரிசி அங்கேயே அவனை எதிர்கொண்டு, கொலையும் செய்துவிட்டுச் சொத்தையும் எடுத்துக்கொண்டாயா என்று கர்த்தரின் பெயரால் கேட்டார்.

எலியா அங்கே வராமலே போயிருந்தால்? கடவுள் ஆகாபையும் நேசிக்கிறார், நடந்தது நடந்துவிட்டது என்று கதை முடிந்திருந்தால், நாபோத்தின் வீட்டாருக்கு அந்த அன்பு என்னவாகத் தெரிந்திருக்கும்? ஊர் கைவிட்டவனையும் மறக்காத அன்புக்கு நியாயம் கேட்காமல் இருக்க முடியாது. அதனால்தான் 96-ஆம் சங்கீதத்தில், கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்றதும் சமுத்திரம் முழங்குகிறது, வயல் களிகூருகிறது, காட்டு மரங்களெல்லாம் கெம்பீரிக்கின்றன. அந்த வரிகளில் பயத்தின் சுவடே இல்லை.

நம் கன்வென்ஷன் மேடைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பிரசங்கம் நடக்கும்போது நடுங்கி அழுகிறவர்கள் பெரும்பாலும் முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் ஏழைப் பெண்கள்தான். வேதத்தில் நடுங்குகிறவன் யார்? ரோமத் தேசாதிபதி பேலிக்ஸ். கைதியாக நின்ற அப்போஸ்தலன் பவுல் நீதியையும் இச்சையடக்கத்தையும் இனிவரும் நியாயத்தீர்ப்பையும் பற்றிப் பேசியபோது அவன் பயந்து, இப்போதைக்குப் போ, பிறகு கூப்பிடுகிறேன் என்று சமாளித்தான். பவுல் லஞ்சம் தருவார் என்றும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தான் என்று அப்போஸ்தலர் 24 சொல்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து கை நீட்டுகிறவர்களை அசைக்க வேண்டிய செய்தியைக் கொண்டு, பாயில் உட்கார்ந்திருப்பவர்களை நசுக்குவது அநியாயம்.

தீர்ப்புச் சொல்லப்போகிறவர் யார்?

இயேசு கிறிஸ்து. பிதா நியாயத்தீர்ப்பு முழுவதையும் குமாரனிடம் ஒப்படைத்திருக்கிறார் என்று யோவான் 5-ஆம் அதிகாரம் சொல்கிறது. பவுலும் ஏதென்ஸில் மார்ஸ் மேடையில் நின்று இதையே பேசினார்.

கிரேக்க நாட்டில் பழைய கொரிந்துவின் இடிபாடுகளுக்கு நடுவே, சந்தைவெளியில், கல்லால் கட்டிய உயரமான மேடை ஒன்றை இன்றும் பார்க்கலாம். ரோம அதிபதி உட்கார்ந்து வழக்கு விசாரித்த இடம். பவுலைப் பிடித்துக்கொண்டுபோய்க் கல்லியோவின் நியாயாசனத்துக்கு முன் நிறுத்தியதை அப்போஸ்தலர் 18-இல் வாசிக்கிறோம். டெல்ஃபியில் கிடைத்த கல்வெட்டைக் கொண்டு கல்லியோவின் பதவிக்காலத்தை ஏறக்குறைய கி.பி. 51-52 என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். பவுல் வாய் திறக்கும் முன்பே கல்லியோ வழக்கைத் தள்ளிவிட்டான். அந்த மேடைக்கு முன்பாகவே சொஸ்தேனே என்பவரைப் போட்டு அடித்தார்கள். கல்லியோ கண்டுகொள்ளவே இல்லை. சில ஆண்டுகள் கழித்து அதே ஊர் சபைக்குத்தான் பவுல் எழுதினார்: நாமெல்லாரும் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன்பாக வெளிப்படவேண்டும். கொரிந்து விசுவாசிகள் அந்தக் கல்மேடையைத் தினமும் கடந்துபோகிறவர்கள். எதிரே ஒருவன் அடிபடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நீதிபதி எப்படியிருப்பான் என்று அவர்களுக்குத் தெரியும்.

கிறிஸ்து அப்படிப்பட்டவர் அல்ல. பிலாத்து நியாயாசனத்தில் உட்கார்ந்திருக்க, குற்றமற்றவராய் எதிரே நின்றவர் அவர். பொய்ச்சாட்சி, கூட்டத்தின் கூச்சல், பதவிக்குப் பயந்த அதிகாரி, அவசரத் தீர்ப்பு எல்லாவற்றையும் தம் உடம்பில் அனுபவித்தவர். ஆணி அடித்த கைகளோடு இருப்பவர் அந்த ஆசனத்தில் உட்காருகிறார் என்பதை மறந்துவிட்டு இந்த உபதேசத்தில் வேறு எதைப் பேசினாலும் தடம் மாறிவிடும்.

தீர்ப்பு செத்த உடனேயா, கடைசி நாளிலா?

"ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும்" மனிதருக்கு நியமிக்கப்பட்டிருக்கிறது என்று எபிரெயர் 9:27 சொல்கிறது. "பின்பு" எவ்வளவு நேரம் கழித்து என்று அங்கே இல்லை.

கத்தோலிக்கத் திருச்சபை இரண்டையும் சொல்கிறது: மரித்தவுடன் தனித்தீர்ப்பு, உலக முடிவில் பொதுத்தீர்ப்பு. கடவுளின் அருளில் மரித்தும் முழுமையாகத் தூய்மை பெறாதவர்களுக்கு, தூய்மை பெறுவதற்கென்று உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு என்பதும் அவர்கள் போதனை. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்தின் சங்கம் 1563-இல் அதை உறுதிப்படுத்தியது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றி ஜெபிப்பதன் பின்னால் இந்த விசுவாசம் இருக்கிறது. ஆர்த்தடாக்ஸ் சபைகள் மரித்தோருக்காக ஜெபிக்கும், ஆனால் உத்தரிக்கிற ஸ்தலம் என்ற உபதேசத்தை ஏற்பதில்லை. புராட்டஸ்டண்ட் சபைகள் பெரும்பாலும், விசுவாசி மரித்தவுடன் கிறிஸ்துவோடு இருக்கிறார், உயிர்த்தெழுதலும் இறுதித் தீர்ப்பும் கடைசி நாளில் நடக்கும் என்று சொல்லும். சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு ஆண்டவர் சொன்ன "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வார்த்தை அவர்களுக்கு ஆதாரம்.

அந்த நாள் எப்போது வரும் என்று தேதி சொல்கிறார்களே?

நம்ப வேண்டாம். 1844 அக்டோபர் 22 என்று வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரைப் பின்பற்றியவர்கள் அமெரிக்காவில் காத்திருந்தார்கள். 2011 மே 21 என்று அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங் சொன்னார். இரண்டு நாளும் வந்தன, போயின. அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர ஒருவனும் அறியான் என்று ஆண்டவரே சொன்ன பிறகு (மாற்கு 13:32) யூடியூபில் வரும் கணக்குக்கு என்ன மரியாதை?

விசுவாசத்தினால் இரட்சிப்பு என்கிறோம். அப்புறம் ஏன் கிரியைகளின்படி தீர்ப்பு?

வகுப்பில் அதிக நேரம் எடுக்கும் கேள்வி இது. வேதத்தில் இரண்டுமே அழுத்தமாக இருக்கின்றன. கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள் என்கிறது எபேசியர் 2:8. தங்கள் தங்கள் கிரியைகளுக்குத் தக்கதாக நியாயத்தீர்ப்படைந்தார்கள் என்கிறது வெளிப்படுத்தல் 20. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கைவிட்ட சபைகள் இரண்டு பக்கமும் தடுமாறியிருக்கின்றன.

மத்தேயு 25-இல் ஆண்டவர் காட்டும் காட்சியைப் பாருங்கள். மேய்ப்பன் செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் பிரிப்பதுபோல ராஜா மக்களைப் பிரிக்கிறார். அங்கே கேட்கப்படுபவை ஆறு: பசித்தவனுக்குச் சாப்பாடு, தாகமாயிருந்தவனுக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், வஸ்திரமில்லாதவனுக்குத் துணி, வியாதியஸ்தனை விசாரித்தது, சிறையில் இருந்தவனைப் பார்க்கப் போனது. எவ்வளவு காணிக்கை போட்டாய், எத்தனை உபவாசக் கூட்டத்துக்குப் போனாய் என்ற பேச்சு அந்தக் காட்சியில் வரவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். வலதுபக்கத்தில் இருப்பவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள்: ஆண்டவரே, உம்மை எப்போது பசியாகக் கண்டோம்? அவர்கள் புண்ணியக் கணக்கு எழுதி வைத்தவர்கள் இல்லை. செய்ததே ஞாபகம் இல்லாத அளவுக்கு அது அவர்களுக்கு இயல்பாகிவிட்டிருந்தது. "மிகவும் சிறியவராகிய என் சகோதரரான இவர்களில் ஒருவனுக்கு நீங்கள் எதைச் செய்தீர்களோ, அதை எனக்கே செய்தீர்கள்" என்று ராஜா சொல்லும்போதுதான் அவர்களுக்கே தெரிகிறது.

வேர் உயிரோடு இருக்கிறதா என்பது காய்ப்பில் தெரிந்துவிடும். கிருபை வேர், கிரியை கனி. கனியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதால், கனிதான் மரத்துக்கு உயிர் கொடுத்தது என்று ஆகிவிடாது. இந்த விஷயத்தில் நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிவந்த கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். நம் தகுதியினால் அல்ல, கிருபையினால் ஏற்கப்படுகிறோம். அந்தக் கிருபை நம்மை நற்கிரியைகளுக்குத் தயாராக்குகிறது என்ற அளவில் இருவரும் சேர்ந்து அறிக்கையிட்டது பெரிய விஷயம். நம் ஊர் மேடைகளில் இது போதுமான அளவு பேசப்படவில்லை.

பிரசங்கத்தில் கேட்டேன்: அன்றைக்கு என் பாவங்களை எல்லார் முன்பாகவும் பெரிய திரையில் போட்டுக் காட்டுவார்களாமே?

இந்தத் திரை வேதத்தில் இல்லை. மறைவானது வெளிப்படும், வீணான வார்த்தைக்கும் கணக்கு உண்டு என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார், அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் மன்னிக்கப்பட்ட பாவங்களை இனி நினையாமலிருப்பேன் என்பதும் (எபிரெயர் 8:12) அவருடைய வார்த்தைதான். சமுத்திரத்தின் ஆழத்தில் தாமே போட்ட பாவங்களை (மீகா 7:19) எடுத்துவந்து படம் காட்டுவார் என்று சொல்வது அவருடைய பெயரைக் கெடுப்பதாகும்.

நரகம் என்பது முடிவில்லாத வேதனையா?

ஆண்டவர் நரகத்தைப் பற்றிப் பேசும்போது, கேட்டவர்களுக்குத் தெரிந்த ஓர் இடத்தின் பெயரைச் சொன்னார்: எருசலேமுக்குத் தெற்கே இருந்த இன்னோம் பள்ளத்தாக்கு. யூதாவின் ராஜாக்களான ஆகாஸும் மனாசேயும் தங்கள் பிள்ளைகளைத் தீயில் பலியிட்ட இடம் அது. எரேமியா தீர்க்கதரிசி அதைச் சபித்தார். குழந்தைகளைச் சுட்டெரித்த மண்ணின் பெயரைக் கேட்டாலே யூதருக்கு உடல் கூசும்.

அதன் முடிவைக் குறித்து மூன்று கருத்துகள் உண்டு. பழங்காலத் திருச்சபை ஆசிரியர் அகஸ்டின் முதல் இன்றுவரை பெரும்பான்மைச் சபைகள் சொல்வது, கடவுளைவிட்டு நிரந்தரமாகப் பிரிந்து துன்பப்படுதல். இரண்டாவது, துன்மார்க்கர் இறுதியில் இல்லாமலே போவார்கள் என்பது. ஆங்கிலிகன் போதகர் ஜான் ஸ்டாட் 1988-இல் இந்தப் பக்கம் தாம் சாய்வதாக எழுதியபோது சுவிசேஷ சபைகளில் பெரிய விவாதம் எழுந்தது. மூன்றாவது, கடைசியில் எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்பது. நான்காம் நூற்றாண்டில் நிஸ்ஸாவின் ஆயர் கிரெகரி அந்த நம்பிக்கையோடு எழுதினார். பெரும்பாலான சபைகள் அதை உபதேசமாக ஏற்கவில்லை.

நான் முதல் கருத்தில் நிற்கிறேன், கனத்த மனதோடு. மத்தேயு 25:41-இல் அந்த அக்கினி பிசாசுக்கும் அவன் தூதருக்கும் ஆயத்தமாக்கப்பட்டது என்று இருக்கிறது, மனிதருக்கென்று இல்லை. துன்மார்க்கனுடைய மரணத்தைத் தாம் விரும்புவதில்லை, அவன் திரும்பிப் பிழைப்பதையே விரும்புவதாகக் கடவுள் எசேக்கியேலிடம் சொல்கிறார். நரகத்தைப் பற்றிக் கண் கலங்காமல் பேசுகிறவர் பிரசங்கத்தைத் தள்ளிவைப்பது நல்லது.

என் தாத்தா பாட்டி இயேசுவை அறியாமலே இறந்துபோனார்கள். அவர்கள் நிலைமை?

குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கிறிஸ்துவை ஏற்றவர்கள் கண்ணீரோடு கேட்கும் கேள்வி. ரோமர் 2-ஆம் அதிகாரம், நியாயப்பிரமாணம் (மோசே வழியாக வந்த கடவுளின் சட்டம்) கிடைக்காத மக்களின் இருதயத்தில் அதன் கிரியை எழுதப்பட்டிருக்கிறது, அவர்கள் மனச்சாட்சியும் சாட்சியிடுகிறது என்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல், தன் குற்றமில்லாமல் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாதிருந்து, உண்மை மனதோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சி காட்டிய வழியில் நடக்க முயன்றவர்களும் மீட்பு அடைய முடியும் என்று போதித்தது. சுவிசேஷ சபைகளில் பலர், கிறிஸ்துவை அறிந்து விசுவாசிப்பது அவசியம் என்பதில் உறுதியாக நிற்கிறார்கள். வேறு சிலர் அதைக் கடவுளிடம் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் இறந்தவருடைய பெயரைச் சொல்லி, அவர் நரகத்தில்தான் இருக்கிறார் என்று பிள்ளைகளிடம் தீர்ப்புச் சொல்ல எந்த ஊழியருக்கும் அதிகாரம் கிடையாது. சோதோமுக்காகப் பரிந்து பேசிய ஆபிரகாம், "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று கடவுளிடமே கேட்டார். உங்களைச் சோறூட்டி வளர்த்த பாட்டியை அந்த வார்த்தையின் மேல் இறக்கிவைத்துவிட்டு நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு இரக்கமே கிடையாதா?

உண்டு. மன்னிக்கப்படாத பாவம் என்று வேதம் தற்கொலையைச் சொல்லவில்லை. மனமறிந்து தற்கொலை செய்தவர்களுக்குத் திருச்சபை அடக்கம் இல்லை என்று கத்தோலிக்கச் சட்டத்தொகுப்பு 1917-இல் சொன்னது. 1983-இல் வந்த புதிய தொகுப்பில் அந்தத் தடை இல்லை. கடுமையான மனநோயும் வேதனையும் பயமும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக்கூடாது என்று 1992-இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு போதிக்கிறது. கல்லறையில் இடம் மறுத்து, ஏற்கெனவே உடைந்த குடும்பத்தை இன்னும் உடைக்கிற சபைகள் இதை வாசிக்க வேண்டும். இப்போது இந்த எண்ணத்தோடு போராடிக்கொண்டிருப்பவர் இதை வாசிக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து இன்றே நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற அரசு உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

சுனாமி, விபத்து, வியாதி எல்லாம் கடவுளின் தண்டனையா?

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் திருத்தலத்துக்கு வந்த யாத்ரீகர்களையும் நாகப்பட்டினம் கடற்கரையின் மீனவக் குடும்பங்களையும் அலை கொண்டுபோனது. பிணங்களை அடக்கம் பண்ணி முடிக்கும் முன்பே, இது இன்னாருடைய பாவத்துக்கு வந்த தண்டனை என்ற பேச்சு கிளம்பிவிட்டது.

இதே கேள்வி ஆண்டவரிடமும் வந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தார்கள். அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, அப்படியல்லவென்று அவரே பதில் சொன்னார் (லூக்கா 13). கேட்டவர்களைத்தான் மனந்திரும்பச் சொன்னார். பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும் இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்றார். வேதத்தில் கடவுள் தண்டித்த நிகழ்ச்சிகள் உண்டு. அங்கெல்லாம் அது தண்டனை என்று வேதமே சொல்லித் தெரிகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நாமாக ஊகித்துச் சொல்ல நமக்கு அனுமதி தரப்படவில்லை.

இரட்சிக்கப்பட்டும் அந்த நாளை நினைத்தாலே தூக்கம் வரவில்லை. என்ன செய்வது?

யோவான் 5:24-ஐ எடுத்து உங்கள் பெயரைப் போட்டு வாசியுங்கள்: கிறிஸ்துவின் வசனத்தைக் கேட்டு, அவரை அனுப்பினவரை விசுவாசிக்கிறவன் ஆக்கினைத்தீர்ப்புக்குட்படாமல் மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறான். "அன்பிலே பயமில்லை, பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்று அப்போஸ்தலனாகிய யோவான் எழுதியதும் நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றிப் பேசும் இடத்தில்தான். யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் கேட்டுவிடுங்கள், திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகும் பயம் விடாமல் பிடித்திருந்தால் அது கவலைநோயாகவும் இருக்கலாம். மருத்துவரைப் பார்ப்பது அவிசுவாசம் ஆகாது.

எனக்கு அநியாயம் செய்தவர் சபையில் பெரிய ஆள். "கடவுள் நியாயந்தீர்ப்பார், நீ விட்டுவிடு" என்கிறார்கள். புகார் கொடுப்பது தவறா?

தவறே இல்லை. பழிவாங்குதல் எனக்குரியது என்று கர்த்தர் சொன்னது, நாம் கையில் அரிவாள் எடுக்காமலிருக்கத்தான். அதைச் சொன்ன ரோமர் 12-க்கு அடுத்த அதிகாரத்திலேயே, தீமை செய்கிறவனைத் தண்டிக்க அதிகாரிகளைக் கடவுள் நியமித்திருக்கிறார் என்று பவுல் எழுதுகிறார். "நீங்கள் குற்றவாளிகளென்று தீர்க்கப்படாதபடிக்கு மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்ற வசனமும் உங்களை அடக்குவதற்காகச் சொல்லப்பட்டதல்ல. தன் கண்ணில் உத்திரம் இருக்க அடுத்தவன் துரும்பைத் தேடுகிற மாயக்காரனுக்குச் சொன்னது அது. குழந்தைகளிடமும் பெண்களிடமும் அத்துமீறியவர்களைக் காப்பாற்ற இந்த வசனங்களைப் பயன்படுத்துவது, நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவங்கும் என்ற 1 பேதுரு 4:17-ஐ மறந்த செயல்.

பிலிப்பியில் பவுலையும் சீலாவையும் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, விடிந்ததும் ரகசியமாகப் போய்விடுங்கள் என்று அதிகாரிகள் ஆள் அனுப்பினார்கள். பவுல் போகவில்லை. நாங்கள் ரோமக் குடிமக்கள், எங்களை வெளியரங்கமாய் அடித்தார்கள், அவர்களே வந்து எங்களை வெளியே கொண்டுபோகட்டும் என்றார். அவர்கள் பயந்துபோய், நேரில் வந்து கெஞ்சி, வெளியே அழைத்துக்கொண்டுபோனார்கள். நீங்களும் உங்கள் புகாரை எழுதுங்கள், தேதியோடு, சாட்சிகளின் பெயரோடு. காவல் நிலையத்துக்குத் தனியாகப் போக பயமாக இருந்தால் நம்பிக்கையான ஒருவரையோ ஒரு வழக்கறிஞரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.